கூலியும் வெட்டியும்: நாகர் மலையில் ஆங்கிலேயர் காலச் சுமைத்தொழிலாளர்

தமிழிலிருந்து உலகமொழிகளுக்குச் சென்ற சொற்களைப் பட்டியலிடுவோர் அரிசி, கட்டுமரம், மிளகுதண்ணீர் ஆகியவற்றை மகிழ்வுடன் எடுத்துரைப்பர். ‘கூலி’ எனும் சொல்லை அவர்கள் அத்துணை மகிழ்வுடன் குறிப்பதில்லை. திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் இச்சொல் உடலை வருத்தி உழைத்தவனுக்கு உரிய பயன் எனும் பொருளில் வருகின்றது. அஃதாவது, தமிழில் கூலி என்பது ஊதியம். அதனைப் பெறும் மனிதன் அல்லன். கடல்கடந்து ஐரோப்பியர் வாயிற்பட்ட பின்னரே அச்சொல் ஊதியத்தை விட்டு மனிதனைக் குறிக்கலாயிற்று. 1886-இல் யூல், பர்னல் இருவரும் தொகுத்த ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம் இச்சொல்லுக்குக் குஜராத்தின் கோலி இனப்பெயரை ஒரு மூலமாகவும், தமிழின் கூலியை மற்றொரு மூலமாகவும் காட்டும். மூலம் எதுவாயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் அரசு ஆவணங்களில் ‘கூலி’ என்றால் ஆள். கணக்கில் வரும் தலை. சுமைக்கு அடியில் இருக்கும் முதுகு.

தமிழில் இதற்கு எதிர்நிலையில் நிற்கும் சொல்லும் ஒன்றுண்டு. ஊதியமின்றிக் கட்டாயமாகச் செய்விக்கப்படும் பணியைச் சோழர் காலக் கல்வெட்டுகள் ‘வெட்டி’ எனக் குறிக்கின்றன. இன்று ‘வெட்டிவேலை’ என்றால் பயனற்ற வேலை என்றே பொருள்கொள்கின்றோம். செய்தவனுக்குப் பயனற்றது என்பதே அதன் முதற்பொருளாக இருத்தல் வேண்டும். அமஞ்சி என்பதும் இவ்வகையினதே. வடநாட்டார் இதனைப் பேகார் என்பர்.

கூலியும் வெட்டியும் ஒன்றோடொன்று கலந்து, எது எதுவெனப் பிரித்தறிய இயலாதவாறு நின்ற ஒரு நிலப்பகுதியின் வரலாற்றை இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. அது அசாம் சமவெளிக்கும் பர்மாவுக்கும் இடைப்பட்ட நாகர் மலை. இங்கு ஒரு விளக்கம் வேண்டும். மணிமேகலையில் சாதுவன் கரையொதுங்கிய இடத்து நாகர் என்போரைக் காண்கின்றோம். பெயரொற்றுமை ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு அவரையும் இவரையும் ஒருவராக்குதல் ஆய்வுமுறையாகாது. அங்காமி, ஆவோ, சேமா, லோத்தா, ரெங்மா, சாங், கொன்யாக், தாங்குல், செமி முதலிய பல மக்கட்குழுக்களைப் பிறர் ஒருசேர அழைத்த பெயரே நாகர் என்பது. அவர்தம் மொழிகள் திபெத்து-பர்மியக் குடும்பத்தின. சேமா மக்கள் இன்று சுமி என வழங்கப்பெறுவர்.

சக்கரம் ஏறாத மலை

1826-இல் யாண்டபு உடன்படிக்கையின்படி அசாம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அசாமையும் மணிப்பூரையும் இணைக்கும் வழியொன்று கம்பெனிக்குத் தேவைப்பட்டது. 1832 சனவரியில் ஜென்கின்ஸ், பெம்பர்ட்டன் எனும் இரு படைத்தலைவர்கள் மணிப்பூரிலிருந்து அங்காமி நாட்டின் ஊடாக அசாமுக்கு நடந்தனர். அவர்களுடன் சென்ற மணிப்பூர்ப் படைவீரர் 700 பேர். சுமைதூக்கிச் சென்ற கூலிகள் 800 பேர். வீரரினும் சுமையாளர் மிகுதி என்பதை நோக்குக. நாகர் மலையுடன் ஆங்கிலேயருக்கு நேர்ந்த முதல் தொடர்பே இவ்விகிதத்தில்தான் தொடங்கியது.

இவ்விகிதம் ஏன் நேர்ந்தது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு சுமையாள் ஏறத்தாழ 60 பவுண்டு தூக்குவதாகவும், நாளொன்றுக்கு 2 பவுண்டு அரிசி உண்பதாகவும் கொள்வோம். 14 நாள் செல்லவும் 14 நாள் திரும்பவும் அவனுக்கே 56 பவுண்டு அரிசி வேண்டும். எஞ்சுவது நான்கு பவுண்டு! இடையில் உணவு கிடைக்காத காட்டில் இரு வாரத் தொலைவுக்கு ஒரு படையை அனுப்ப விரும்பும் அரசு, வழிநெடுகக் களஞ்சியங்கள் அமைத்து, அக்களஞ்சியங்களை நிரப்ப ஒரு கூட்டம், அக்கூட்டத்திற்கு உணவு சுமக்க மற்றொரு கூட்டம் என அடுக்கடுக்காக ஆள் சேர்க்க வேண்டியதாயிற்று. வண்டி ஏறாத, எருதும் எளிதில் நடவாத செங்குத்துச் சரிவுகளில் பேரரசின் எல்லையை வரைந்தது துப்பாக்கி மட்டுமன்று. நெற்றியில் பட்டைகட்டி முதுகில் கூடை சுமந்த மனிதனுமே ஆவான். பிரம்பால் முடைந்த கூம்பு வடிவக் கூடை, அதனைத் தாங்கும் நெற்றிப்பட்டை, சில வேளைகளில் கையில் ஈட்டி என்பதே அக்காலப் படங்களில் நாம் காணும் நாகச் சுமையாளின் தோற்றம்.

1839 முதல் 1851 வரை பத்துப் படையெடுப்புகள் நிகழ்ந்தன. பின்னர்ச் சிலகாலம் தலையிடாமைக் கொள்கையைக் கைக்கொண்ட அரசு, 1866-இல் சாமகுட்டிங் எனும் இடத்தைத் தலைமையிடமாகக் கொண்டு நாகர் மலை மாவட்டத்தை அமைத்தது. 1878-இல் தலைமையிடம் கோகிமாவுக்கு மாறியது. அடுத்த ஆண்டு அக்டோபரில் அரசியல் அலுவலர் டாமன்ட் கோனோமா ஊரின் வாயிலில் கொல்லப்பட்டார். கோகிமா முற்றுகையிடப்பட்டது. மணிப்பூரிலிருந்து ஜான்ஸ்டன் படையுடன் வந்து முற்றுகையை நீக்கினார். கோனோமா மக்கள் மலையுச்சிக்குப் பின்வாங்கி மாதக்கணக்கில் எதிர்த்து நின்று, 1880 மார்ச்சில் உடன்பாட்டுக்கு வந்தனர்.

அங்காமி ஊர்கள் ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு மணங்கு அரிசியும் ஒரு ரூபாயும் வரி. ஊருக்கு ஒரு தலைவன். ஆண்டுதோறும் அரசுப் பணிக்குக் குறிப்பிட்ட அளவு உழைப்பு. வரியை இருமுறை விதித்தது போன்றதே இது: ஒரு முறை களஞ்சியத்திலிருந்தும், மறுமுறை தோளிலிருந்தும். முன்னதற்குப் பற்றுச்சீட்டு உண்டு. பின்னதற்கு எல்லை எழுதப்பட்டபோதும், அவ்வெல்லையை அளப்பவர் அலுவலரே.

அழைப்பு வந்த முறை

ஊர்த்தலைவனைக் காவோன்புரா என்றனர். அரசு அவனுக்குச் சிவப்புப் போர்வை அளித்தது. மாவட்ட அலுவலகத்திற்கும் ஊருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராகவும் தூதராகவும் இருந்தோர் தொபாசிகள், அதாவது இருமொழியாளர். அலுவலர் ஒருவர் சுற்றுப்பயணம் புறப்படுகின்றார் எனில், எத்தனை சுமையாட்கள் எந்நாளில் எவ்விடத்தில் நிற்க வேண்டும் என்னும் ஆணை தொபாசி வழியாகக் காவோன்புராவைச் சேரும். எந்த வீட்டிலிருந்து எவனை அனுப்புவது என்பது அவன் பொறுப்பு. ஆள் குறைந்தால் ஊருக்குத் தண்டம். இவ்வாறு அரசின் கட்டாயம் ஊருக்குள் நுழையும்போது அண்டை வீட்டானின் கட்டாயமாக உருமாறியது. நம் நாட்டுப்புறத்தில் கங்காணிமுறையை அறிந்தோர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

இப்பணிக்கு ஊதியமே இல்லை எனக் கூறுதல் முற்றிலும் சரியன்று. பெரும்பான்மையான அரசுப் பணிகளுக்கு நாட்கூலி வழங்கப்பட்டது. ஆயின் விலையை வாங்குபவனே வைத்தான். விற்பவனுக்கு மறுக்கும் உரிமை இல்லை. மறுக்க முடியாத வேலைக்கு அளிக்கப்படும் காசு கூலியா? சொல்லாராய்ச்சியாளர் இதற்கு விடை காணட்டும். உழைத்தவனின் வியர்வை உலர்வதற்கு முன்னரே அவனுக்குரியதைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. அவ்வறிவுரை காலத்தாழ்வை மட்டும் கடிவதன்று. உரிய ஊதியம் எனும் கருத்தையும் அது உள்ளடக்கியது என இக்கட்டுரையாளர் கருதுகின்றார்.

காசினும் பெரிய இழப்பு காலம். மழைக்காலத்தில் மலைவழிகள் வழுக்கும், காய்ச்சல் பரவும். ஆகவே படையெடுப்புகளும் அலுவலர் பயணங்களும் பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச்சு வரையிலான குளிர்காலத்தில் நடந்தன. அக்காலமே சேமா, லோத்தா, ஆவோ முதலியோர் புதிய புனத்திற்குக் காடு வெட்டும் காலம். வெட்டிய மரம் வெயிலில் காய்ந்து, மழைக்கு முன் எரியூட்டப்பட்டு, சாம்பல் படிந்த மண்ணில் விதை விழ வேண்டும். வெட்டுதல் பதினைந்து நாள் பிந்தினால் மரம் காயாது, காயாதது எரியாது, எரியாத புனம் விளையாது. சமவெளி உழவன் ஒரு வாரம் பிந்தினால் நீர் இறைத்தேனும் ஈடுசெய்யலாம். புனவனுக்கு அத்தகைய ஈடு இல்லை. வீடு வேய்தலும், ஊரவர்க்கு விருந்தளித்துப் பெருமை பெறும் சடங்குகளும், உப்புக்காகச் சமவெளிச் சந்தைக்குப் பருத்தியும் மிளகாயும் இஞ்சியும் கொண்டு செல்லுதலும் இதே பருவத்தில்தான். ஒருவன் இருபது நாள் சுமைக்குப் போய் வந்தான் என்று ஆவணம் ஒரு வரியில் முடித்துவிடும். அவ்வாண்டு அவன் வீட்டுப் புனம் என்னவாயிற்று என்பது ஆவணத்தில் வராது.

கோட்டின் இருபுறம்

மலையடிவாரத்தில் வேறொரு முறை நடந்துகொண்டிருந்தது. தேயிலைத் தோட்டங்களுக்குச் சோட்டா நாக்பூர், பீகார், ஒரிசா, மத்திய மாகாணம் ஆகிய இடங்களிலிருந்தும், சென்னை மாகாணத்தின் கஞ்சம், விசாகப்பட்டினம் மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். 1859-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டம் ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைக் குற்றவாளியாக்கியது. 1865-இல் வங்காளத்தின் 6-ஆம் சட்டம் ஆணுக்கு 5 ரூபாய், பெண்ணுக்கு 4 ரூபாய், சிறுவர்க்கு 3 ரூபாய் எனக் குறைந்த அளவு மாத ஊதியத்தை வரையறுத்தது. அதே சட்டம், தப்பியோடும் தொழிலாளியைப் பிடியாணையின்றிப் பிடிக்கும் அதிகாரத்தைத் தோட்ட முதலாளிக்கு வழங்கியது. ஒரு கையால் ஊதியம், மறுகையால் விலங்கு! 1863-க்கும் 1866-க்கும் இடைப்பட்ட மூன்றாண்டுகளில் அசாமுக்குக் கொண்டுவரப்பட்டோர் ஏறத்தாழ 85,000 பேர். அவர்களுள் 30,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது தப்பியோடினர். 1882-ஆம் ஆண்டின் சட்டம் ஒப்பந்தக் காலத்தை ஐந்தாண்டு வரை நீட்டிக்க இடமளித்தது. தனியார் கைது அதிகாரம் 1908-இல் திரும்பப் பெறப்பட்டது.

நாகர் இவ்வொப்பந்த முறைக்குள் இழுக்கப்படவில்லை. அடிவாரத்து ஊர்களைச் சேர்ந்தோர் குளிர்காலத்தில் தோட்டங்களுக்கு இறங்கிவந்து காடு வெட்டிக் கொடுத்து, காசும் உப்பும் பெற்று மலையேறிவிடுவர். விருப்பமானால் வருவர், இல்லையேல் வாரார். இதற்கிடையே 1873-இல் வங்காளக் கிழக்கெல்லை ஒழுங்குமுறை வந்து, ‘உட்கோடு’ எனும் எல்லையை வரைந்தது. தேயிலை முதலாளிகளும் யானை பிடிப்போரும் இரப்பர் வணிகரும் அனுமதியின்றி அக்கோட்டைத் தாண்டலாகாது என்பது அதன் நோக்கம். மலைமக்களைக் காக்கவே கோடு வரையப்பட்டது என்பர். அதில் உண்மை உண்டு. மலைநிலம் தேயிலைத் தோட்டமாகாமல் தப்பியது. ஆனால் அக்கோடு தனியாரைத் தடுத்ததே அன்றி அரசைத் தடுக்கவில்லை. கோட்டின் கீழ்ப்பக்கம் ஒப்பந்தம் மனிதனைக் கட்டியது. மேற்பக்கம் ஒப்பந்தமே இல்லாமை அவனைக் கட்டியது. இவ்விரண்டனுள் எது கொடிது என்று வினவுவோர்க்கு, அவ்வவற்றில் அகப்பட்டோரே விடைகூறத் தக்கார்.

வெளிநாடு சென்ற கூடைகள்

நாகர் திறம் வாய்ந்த சுமையாளர் எனும் பெயர் படைத்துறையில் பரவியது. 1911 மார்ச்சில் ஆபோர் மலையில் நோயல் வில்லியம்சன் எனும் அலுவலர் கொல்லப்பட்டதற்காக, அவ்வாண்டின் இறுதியில் படைத்தலைவர் பவர் தலைமையில் படையெடுப்பு நிகழ்ந்தபோது, நாகர் மலையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் சுமைக்கென அழைத்துச் செல்லப்பட்டனர். தம் ஈட்டிகளுடனே அவர்கள் சென்றனர். இத்தகைய பயணங்களுக்கு விரும்பிச் சென்றோரும் உண்டு என்பதை மறைத்தலாகாது. தம் ஊர் எல்லைக்கு அப்பால் தனித்துச் சென்றால் தலை தப்பாத காலத்தில், அரசுப்படையின் காவலில் பிறநாடு காணும் வாய்ப்பு இளைஞர் சிலரை ஈர்த்தது. கட்டாயத்தின் வரலாற்றை எழுதுவோர் இந்த இளைஞர்களை விட்டுவிட்டால் வரலாறு ஒருபக்கம் சாய்ந்துவிடும்.

முதல் உலகப்போரில் பிரான்சு நாட்டுப் போர்முனைக்குப் பின்னால் வேலைசெய்ய ஆள் போதாமையால், 1917-இல் இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 50,000 தொழிலாளரைத் திரட்டத் திட்டமிடப்பட்டது. மாத ஊதியம் 20 ரூபாய். ஐக்கிய மாகாணம், பீகார், ஒரிசா, வடமேற்கெல்லை, பர்மா ஆகிய பகுதிகளோடு அசாமின் மலைகளும் ஆள் அனுப்பின. நாகர் மலையிலிருந்து சென்றோர் ஏறத்தாழ 2,000 பேர். அவர்களுள் சேமாக்கள் மிகுதி. லோத்தா, ரெங்மா, ஆவோ, சாங் முதலியோரும் இருந்தனர். மணிப்பூர் மலையின் தாங்குல் நாகரைத் திரட்டியதில் உக்ருலில் பணியாற்றிய கிறித்துவ சமயப்பணியாளர் வில்லியம் பெட்டிகுரூ முன்னின்றார். அவர்களுடன் தாமும் பிரான்சுக்குச் சென்றார். மலைப்பகுதிகளில் ஆள்சேர்ப்போர் அளித்த பெரிய வாக்குறுதி ஊதியமன்று. சென்று திரும்புவோர்க்கு வீட்டுவரியிலிருந்தும் கட்டாயச் சுமைப்பணியிலிருந்தும் விலக்கு என்பதே அது. இருபது ரூபாயை விட இவ்விலக்கு அவர்களைக் கவர்ந்தது எனின், சுமைப்பணி எவ்வளவு கசந்திருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டா. ஓராண்டு நெடுந்தொலைவில் சுமந்தால், பின் வாழ்நாள் முழுதும் சுமக்க வேண்டுவதில்லை!

கடலையே காணாதவர்கள் கப்பலேறினர். செங்கடல், சூயசுக் கால்வாய், நடுநிலக்கடல் எனக் கடந்து பிரான்சை அடைந்தனர். வழியிலும் குளிரிலும் நோயால் இறந்தோர் உளர். சாலை செப்பனிடுதல், மரம் வெட்டுதல், சரக்கு ஏற்றி இறக்குதல், போர் முடிந்த நிலத்தில் சிதறிய பொருள்களைப் பொறுக்கிச் சேர்த்தல் ஆகியவை இந்தியத் தொழிற்படையினரின் பணிகள். மார்செய் நகரின் மசார்க் கல்லறையிலும், வடபிரான்சின் அயேத் எனும் ஊரில் இந்தியர்க்கும் சீனர்க்குமென அமைந்த கல்லறையிலும் அப்படையினர் பலர் துயில்கின்றனர்.

ஆக்சுபோர்டின் பிட் ரிவர்சு அருங்காட்சியகக் காப்பாளர் ஹென்றி பால்பர் 1917 செப்டம்பரில் கிழக்குப் பிரான்சில் ஒரு சாலையோரம் நாகர் கூட்டமொன்று வேலைசெய்வதைக் கண்டார். அதுவரை அருங்காட்சியகப் பேழைகளில் அவர்தம் கூடைகளையும் ஈட்டிகளையும் காத்துவந்தவர் அவர். ஹட்டன் எழுதிய சேமா நாகர் பற்றிய நூலுக்கு (1921) அவர் வரைந்த முன்னுரையில் இச்சந்திப்பை நினைவுகூர்கின்றார். தலைவேட்டை கொடிதெனத் தமக்குக் கற்பித்த வெள்ளையர், தம்முள் இத்துணைப் பெரிய கொலைக்களத்தை நடத்துவதைக் கண்டு இவர்கள் என்ன நினைத்திருப்பார்கள், அக்கற்பித்தலைப் போலித்தனம் என்றே கருதியிருக்க மாட்டார்களா எனும் பொருள்பட அவர் எழுதுகின்றார். அவர் கேட்டது நியாயமான வினா. எனினும் அவர்களிடமே கேட்காமல் தமக்குள் கேட்டுக்கொண்டார் என்பதையும் நாம் குறித்துக்கொள்ளலாம். சென்றவர் எவரும் எழுதவில்லை என்று எண்ணற்க. காங்ரை ஷைசா எனும் தாங்குல் நாகர் தம் பிரான்சுப் பயணத்தைத் தம் தாய்மொழியிலேயே எழுதினார். அது 1974-இல் நூலாக வெளிவந்தது. பேரரசின் சுமையாள் ஒருவர் தம் மொழியில் தம் சொற்களால் எழுதிய அரிய பதிவு அது.

இப்பயணத்தில் கட்டுரையாளரின் கருத்தை ஈர்ப்பது ஒப்பந்தத்தின் தன்மை. மலையில் இருந்தவரை அரசுக்கும் நாகனுக்கும் இடையே தனிமனித ஒப்பந்தம் என ஒன்றில்லை. ஊர் கடன்பட்டது, ஊர் ஆள் அனுப்பியது. பிரான்சுக்குச் சென்றபோதுதான் ஓராண்டு, இவ்வளவு ஊதியம், இன்ன விலக்கு என ஒவ்வொருவனுக்கும் அளவு எழுதப்பட்டது. ஓராண்டு முடிந்ததும் அவர்கள் வீடு திரும்புவதில் உறுதியாக நின்றனர். போர் முடியாத நிலையிலும் 1918-இல் மலைப்பகுதிப் பிரிவுகள் திருப்பியனுப்பப்பட்டன. தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளியை முதலாளி கட்டிவைத்த கயிறு ஒப்பந்தம். மலைநாட்டானுக்கோ அரசை ஒரு சொல்லில் கட்டிவைக்கக் கிடைத்த முதற்கயிறும் அதுவே. ஒரே சட்டக்கருவி இருவேறு இடங்களில் இருவேறு தொழில் செய்தது.

மறுப்பின் வடிவங்கள்

எல்லோரும் செல்லவில்லை. மணிப்பூரின் குக்கித் தலைவர் பலர் ஆள் அனுப்ப மறுத்தனர். தொழிற்படைக்கு ஆள்சேர்ப்பு, ஏற்கெனவே இருந்த பிற குறைகளோடு சேர்ந்து 1917-இல் பெரும் எழுச்சியாக வெடித்தது. 1919 வரை நீடித்த அப்போரை அடக்கச் சென்ற படைகளுக்கும் சுமையாட்கள் வேண்டியிருந்தனர். நாகரும் அப்பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். சுமக்க மறுத்தவனை அடக்க மற்றொருவன் சுமக்க நேர்ந்தது. இரு மக்களிடையே பின்னாளில் வளர்ந்த கசப்புக்கு இது ஒன்றே காரணம் எனல் மிகை; இதற்குப் பங்கில்லை எனலும் தகாது.

மணிப்பூர்ச் சமவெளியில் இதற்கு முன்னரே ஓர் எதிர்ப்பு நிகழ்ந்தது. 1904-இல் எரிந்துபோன ஆங்கில அலுவலர் மாளிகையை மீண்டும் கட்டுவதற்குக் கபாவ் பள்ளத்தாக்கிலிருந்து மரம் கொண்டுவர ஆடவரைக் கட்டாயப்படுத்தியபோது, இம்பாலின் அங்காடிப் பெண்கள் திரண்டெழுந்து எதிர்த்தனர். சுமக்கப் போவது ஆண்கள், எழுந்தது பெண்கள். நூபி லான் எனும் பெண்கள் போர்களுள் முதலாவது இதுவே. 1921 சனவரியில் குமாவுன் மலையில் பாகேசுவரத்தில் கூடிய மக்கள் கூலிப் பதிவேடுகளைச் சரயு ஆற்றில் எறிந்தனர். அதே ஆண்டு மே மாதத்தில் அசாமின் சுர்மா பள்ளத்தாக்குத் தேயிலைத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் தோட்டங்களை விட்டு வெளியேறி, சாந்த்பூரில் படையினரின் தாக்குதலுக்கு உள்ளாயினர். மலையிலும் சமவெளியிலும் ஓராண்டில் நிகழ்ந்த இவ்விரண்டையும் நம் விடுதலை வரலாற்று நூல்கள் தனித்தனி இயல்களில் வைப்பதால், இவற்றின் உறவு மாணவர் கண்ணுக்குப் படுவதில்லை.

நாகரிடையே இம்மறுப்பு சமய வடிவில் வந்தது. ரோங்மெய் நாகரான ஜடோனாங் புதிய வழிபாட்டையும் நாகர் ஆட்சி எனும் கனவையும் பரப்பி, 1931 ஆகத்து 29-இல் தூக்கிலிடப்பட்டார். அவர்தம் பணியை ஏற்ற காய்தின்லியு எனும் இளம்பெண், வீட்டுவரி கொடாதீர், சுமை தூக்காதீர் என்று ஊர்தோறும் கூறினார். 1932 அக்டோபரில் கைதானபோது அவருக்கு அகவை 17. விடுதலையாகி வெளிவந்தது 1947-இல். அவரை இராணி என நேரு அழைத்ததைப் பலரும் அறிவர். அவர் மறுக்கச் சொன்னவற்றுள் நெற்றிப்பட்டையும் ஒன்று என்பதைச் சிலரே அறிவர்.

பிரான்சு சென்று திரும்பியோர் தம் ஊர்களுக்கு வெறுங்கையுடன் திரும்பவில்லை. வெவ்வேறு குழுவினர் ஒரே கூடாரத்தில் தங்கி, ஒரே பெயரால் அழைக்கப்பட்டு வந்தனர். 1918-இல் கோகிமாவில் நாகர் மன்றம் தோன்றியது. அரசு ஊழியரும் ஊர்த்தலைவரும் அதில் இருந்தனர். பிரான்சு சென்று வந்தோர்க்கும் அதன் தோற்றத்தில் பங்குண்டு என்பர். 1929 சனவரியில் சைமன் குழுவிடம் அம்மன்றத்தார் அளித்த விண்ணப்பத்தில் இருபதுபேர் கையொப்பமிட்டனர். புதிய வரிகள் குறித்த அச்சம் அவ்விண்ணப்பத்தில் வெளிப்படையாகப் பேசப்படுகின்றது.

அடிமை ஒழிப்பும் சுமைகூலியும்

1926-இல் நாடுகளின் கழகம் அடிமைமுறை ஒழிப்பு உடன்படிக்கையைக் கொணர்ந்தது. இந்தியாவின் சார்பில் கையொப்பமிட்டோர், அசாமின் சில எல்லைப் பகுதிகளில் அதன் ஒரு பிரிவு தம்மைக் கட்டுப்படுத்தாது என ஒதுக்கீடு செய்தனர். நாகர் மலை மாவட்டத்திற்குக் கிழக்கே பர்மா எல்லைவரை உள்ள நிலமும் அவ்வொதுக்கீட்டில் அடங்கும். ஆளும் கை எட்டாத இடத்திற்கு வாக்களிக்க இயலாது என்பது காரணம். பத்தாண்டு கழித்து, 1936 நவம்பரில், அப்பகுதியின் பங்ஷா எனும் ஊரார் அடிமைபிடித்ததைத் தண்டிக்க மில்சு எனும் அலுவலர் படையுடன் சென்றார். மானிடவியலறிஞர் பியூரர்-ஹைமன்டார்ப் உடன்சென்று பின்னர் நூலெழுதினார். அப்படையின் அரிசியையும் தோட்டாக்களையும் கூடாரங்களையும் சுமந்து நூற்றுக்கணக்கான நாகர் நடந்தனர். அடிமைகளாகப் பிடிபட்டோர் மீட்கப்பட்டனர், அது நற்செயலே. அந்நற்செயலும் சுமையாளின் முதுகில் ஏறியே மலை கடக்க வேண்டியிருந்தது என்பதுதான் அக்கால அரசின் இயல்பு.

கட்டாய உழைப்பை ஒழிக்கும் பன்னாட்டு உடன்படிக்கை 1930-இல் உருவாயினும், இந்தியா அதனை ஏற்றது 1954-இல்தான். அதற்கு முன்பே நம் அரசமைப்பின் 23-ஆம் கூறு பேகாரை அப்பெயராலேயே சுட்டித் தடைசெய்துவிட்டது. ஆயினும் பொதுநோக்கத்திற்காக அரசு கட்டாயப் பணியை விதிக்கலாம் என்று அக்கூறின் இரண்டாம் உட்பிரிவு இடம்விட்டு வைத்திருப்பதைச் சட்டம் பயில்வோர் அறிவர்.

திமாப்பூர்ச் சாலை

1942-இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது அங்கு வாழ்ந்த இந்தியர் பல்லாயிரவர் கால்நடையாகத் தப்பினர். தமூ, பலேல், இம்பால், கோகிமா, திமாப்பூர் என்பது அவர்கள் வந்த வழிகளுள் ஒன்று. இரங்கூன் துறைமுகத்திலும் ஐராவதிக் கழிமுகத்து வயல்களிலும் உழைத்த தமிழர் அவர்களுள் மிகப் பலர். நாகர் மலையைத் தமிழர் பெருந்தொகையினராக மிதித்தது அப்போதுதான். ஏறத்தாழ 130 மைல் நீளமுள்ள திமாப்பூர்–இம்பால் சாலையைப் படைகளுக்கும் ஏதிலிகளுக்கும் ஏற்றவாறு அகலப்படுத்தத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரை முதலாளிகளின் சங்கம் திரட்டி அனுப்பியது. எழுபது எண்பது ஆண்டுகள் உட்கோட்டின் கீழ்ப்பக்கம் நின்றவர்களின் வழித்தோன்றல்கள் மண்வெட்டியுடன் மலையேறினர். மேற்பக்கத்தார் கூடையுடன் அதே சாலையில் இறங்கினர். பர்மாவிலிருந்து ஒப்பந்தமும் ஊதியமும் இழந்து வந்த தமிழ்க் கூலிகள் இருவருக்கும் நடுவே நடந்தனர். மூவரையும் ஆவணங்கள் ஒரே சொல்லால்தான் குறித்தன. அது நம் சொல்.

1944 ஏப்ரலில் சப்பானியரின் 31-ஆம் படைப்பிரிவு கோகிமாவைச் சூழ்ந்தது. மாவட்ட அலுவலர் சார்லசு பாசி ஊரைவிட்டு அகலவில்லை. நாகர் பலரும் அவரை விட்டு அகலவில்லை. சூன் வரை நீடித்த அப்போரில் நாகர் வழிகாட்டினர், ஒற்றறிந்தனர், தோட்டாக்களையும் நீரையும் மேலே சுமந்தனர். படைத்தலைவர் சிலிம் 1956-இல் வெளியிட்ட தம் போர்நினைவு நூலில் அவர்தம் துணிவைப் பெரிதும் பாராட்டுகின்றார். இம்முறை அவர்களின் கூடைகள் மேலே சென்றதோடு நிற்கவில்லை. மழையில் சேறாகிக் கிடந்த செங்குத்துச் சரிவுகளில், காயமுற்ற வீரரைத் தூக்குப்படுக்கையில் கிடத்தி, நான்கு தோள்களில் ஏந்தி, படுக்கை சாயாதவாறு முன்னிருப்போர் உயர்த்தியும் பின்னிருப்போர் தாழ்த்தியும், ஓரடிக்கு ஓரடி கால்வைத்து அவர்கள் கீழே கொண்டுவந்து சேர்த்தனர்.